ஆய்வுத் தரவுத்தளங்களும் இறையியல் ஆசிரியரின் பொறுப்பும்

முன்னுரை

இறையியற் கல்லூரிகளில் கற்பிக்கும் நம்மிடையே அண்மை ஆண்டுகளில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்றுண்டு. மாணவர் நூலகத்திற்கு வருவதில்லை. வந்தாலும் அலமாரிகளை நாடுவதில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதப் பணித்தால், கைபேசியில் முதலில் தென்படுவதை எடுத்து எழுதிக் கொண்டுவருகின்றனர் என்பதே அம்முறையீடு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், குறையை மாணவர்மீது மட்டும் சுமத்திவிடுவது நேர்மையாகாது. எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கிறோம். வியாக்கியான முறைகளை விளக்குகிறோம். அருளுரை ஆயத்தத்திற்கென்று பாடவேளை ஒதுக்குகிறோம். ஆனால், ஒரு பொருளைப்பற்றி அறிஞர் எழுதியவற்றை எங்கே, எவ்வாறு தேடிக் கண்டடைவது என்னும் பயிற்சி பல பாடத்திட்டங்களில் தனியிடம் பெறுவதில்லை. அது தானாகவே வந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அட்டைப் பட்டியல்கள் இருந்த காலத்தில் ஓரளவிற்கு அது தானாக வந்தது. ஒரு நூலைத் தேடி அலமாரிக்குச் சென்ற மாணவர், அதனருகில் நின்ற நான்கு நூல்களையும் கண்டார். இன்றோ, அறிஞரின் எழுத்துகளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் அலமாரியில் இல்லை. அவை தரவுத்தளங்களுக்குள் இருக்கின்றன. கேட்கத் தெரிந்தவருக்கே அவை விடையளிக்கின்றன. தரவுத்தளங்களுக்குச் சந்தா செலுத்தும் கல்லூரிகளிலுங்கூட மாணவர் அவற்றை நாடாதிருப்பதற்கு முதன்மையான காரணம், வகுப்பறையில் அவை எடுத்தாளப்படாமையே எனலாம். ஆசிரியர் எதைக் கேட்கிறாரோ, அதையே மாணவர் கற்பர். ஆதலால், இக்கருவிகளை மாணவரோடு சேர்ந்து கையாள விரும்பும் ஆசிரியருக்குத் துணையாகச் சில செய்திகளை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

1. தேடற்கருவிகள் திருச்சபைக்குப் புதியவை அல்ல

கணினி என்றதும் இது நமக்கு அந்நியமான துறை என்று தயங்குவோர் உண்டு. அத்தயக்கத்திற்கு வரலாற்றில் இடமில்லை. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக விளங்கிய யூசேபியு, நான்கு நற்செய்தி நூல்களையும் எண்ணிட்ட சிறு பகுதிகளாகக் கொண்டு, ஒத்த பகுதிகளை எளிதிற் கண்டறிவதற்காகப் பத்து அட்டவணைகளை அமைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து தொமினிக்கன் துறவியர், செயின்ட் ஷேர் ஊரினரான ஹியூ என்பாரின் தலைமையில், இலத்தீன் திருமறைக்குச் சொல்லடைவு ஒன்றை உருவாக்கினர். வசன எண்கள் தோன்றாத காலம் அது. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகப் பிரித்து எழுத்துகளால் குறித்து, சொல் வருமிடத்தைச் சுட்டினர். ஆங்கிலத் திருமறைக்கு அலெக்சாண்டர் குரூடன் தொகுத்த சொல்லடைவு 1737இல் வெளிவந்தது. பரந்த நூற்பரப்பில் வேண்டிய இடத்தை விரைந்து கண்டடைய வேண்டும் என்னும் தேவையே இவற்றைத் தோற்றுவித்தது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தேவை திருமறையைக் கடந்து இறையியல் இதழ்களுக்கும் பரவிற்று. 1946இல் நிறுவப்பெற்ற அமெரிக்க இறையியல் நூலகச் சங்கம், 1949 முதல் வெளிவந்த சமய இதழ்களின் கட்டுரைகளுக்கு அட்டவணை தொகுக்கும் பணியை மேற்கொண்டது. நூலகங்களின் குறிப்புதவிப் பகுதியில் தடித்த தொகுதிகளாக நின்ற அவ்வட்டவணையே பின்னர்க் கணினிக்கு மாற்றப்பட்டு, இன்று அட்லா சமயத் தரவுத்தளம் என வழங்குகிறது. யூசேபியுவின் அட்டவணையைக் கையாளக் கற்ற திருச்சபைக்கு, இதனையும் கையாளக் கற்பது அரிதன்று.

2. தரவுத்தளம் என்பது யாது?

மாணவர் பலருக்கு, இணையத்தின் பொதுத் தேடுபொறியும் நூலகத்தின் தரவுத்தளமும் ஒன்றேபோல் தோன்றுகின்றன. இரண்டிலும் ஒரு பெட்டியில் சொற்களை இடுகிறோம். இரண்டும் ஒரு பட்டியலைத் தருகின்றன. வேறுபாட்டை ஆசிரியர் முதலிலேயே தெளிவுபடுத்துதல் வேண்டும்.

பொதுத் தேடுபொறி, இணையத்தில் எட்டக்கூடிய யாவற்றையும் திரட்டிப் பல அளவைகளால் வரிசைப்படுத்துகிறது. பலர் நாடுவது, பிற தளங்கள் சுட்டுவது, விளம்பரம் பெறுவது ஆகியவை முன்னே வரக்கூடும். முன்னே வந்தது என்பதனாலேயே ஒன்று ஆராய்ந்து எழுதப்பட்டதாகிவிடாது. தரவுத்தளத்திலோ, எந்த இதழ்களைச் சேர்ப்பது என்பதை வல்லுநர் தெரிவு செய்கின்றனர். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பதிவு உண்டு. ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கங்கள் ஆகியவற்றோடு, கட்டுரையின் பொருளைக் குறிக்கும் பொருள்தலைப்புகளும் அப்பதிவில் இடம்பெறும். இறையியல் தரவுத்தளங்களில் அக்கட்டுரை ஆராயும் திருமறைப் பகுதியும் குறிக்கப்பட்டிருக்கும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். யோபு நூலைப்பற்றி எழுதும் மாணவர், ஆங்கிலத்தில் 'ஜாப்' என்று இட்டால், வேலைவாய்ப்பைப் பற்றிய பக்கங்களே வந்து குவியும். எண்ணாகமத்தைக் குறிக்கும் 'நம்பர்ஸ்' என்பது எண்களையும், அப்போஸ்தலர் நடபடிகளைக் குறிக்கும் 'ஆக்ட்ஸ்' என்பது நாடாளுமன்றச் சட்டங்களையும், 'மார்க்' என்பது தேர்வு மதிப்பெண்ணையும் இழுத்துவரும். அட்லாவின் திருமறை அட்டவணையில் நுழைந்து, நூல், அதிகாரம், வசனம் என்னும் வரிசையில் தெரிவு செய்தாலோ, அப்பகுதியை ஆராயும் கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். அருளுரை ஆயத்தம் செய்யும் ஆயருக்கும் இவ்வொரு வசதியே பெருந்துணையாகும்.

தரவுத்தளங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். சில, கட்டுரை எங்கே உள்ளது என்று மட்டும் காட்டுவன. சில, கட்டுரையை முழுமையாகவே தருவன. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் இன்டெக்ஸ் தியாலஜிகுஸ் முதல் வகையினது. அதை எவரும் கட்டணமின்றித் தேடலாம். திருமறைப் பகுதி வாரியாகத் தேடும் வசதியும் அதில் உண்டு. 1995இல் தொடங்கப்பெற்ற ஜேஸ்டோர் இரண்டாம் வகையினது. நூலகங்களின் பழைய இதழ்த் தொகுதிகளைக் காத்து, அலமாரி இடத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு எழுந்தமையால், பல இதழ்களின் அண்மைச் சில ஆண்டுகள் அதில் இடம்பெறுவதில்லை. இதை அறியாத மாணவர், ஒரு பொருள்பற்றி அண்மையில் ஒருவரும் எழுதவில்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும்.

3. தேடும் முறை

தேடல் என்பது பெட்டியில் சொல்லை இடுவதற்கு முன்னரே தொடங்குகிறது. 'திருச்சபையும் அரசும்' என்னும் தலைப்போடு வரும் மாணவருக்கு எந்தத் தரவுத்தளமும் உதவாது. ஆயிரக்கணக்கான பதிவுகள் வந்து அவரை மலைக்கவைக்கும். தலைப்பை வினாவாக மாற்றுமாறு ஆசிரியர் முதலிற் கேட்கவேண்டும். 'ரோமர் 13:1-7இல் அதிகாரத்திற்குக் கீழ்ப்படியும்படி பவுல் கூறுவதை இந்திய வியாக்கியானிகள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர்?' என்பது வினா.

இவ்வினாவில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன: ரோமர் 13, அதிகாரம், இந்தியா. கரும்பலகையில் இவற்றை மூன்று நிரல்களாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதே கருத்தைக் குறிக்கும் பிற சொற்களை மாணவர் கூறக் கூற எழுதிவரலாம். அதிகாரம் என்பதன் கீழ் அரசு, ஆட்சி, கீழ்ப்படிதல் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களும், 'எக்ஸூசியா' என்னும் கிரேக்கச் சொல்லும் வரும். இந்தியா என்பதன் கீழ் தெற்காசியா, தலித் இறையியல், காலனி ஆட்சி ஆகியவை வரலாம். பத்து மணித்துளிகளில் முடியும் இப்பயிற்சி, பின்னர் வரும் பல மணி நேரத் தடுமாற்றத்தைத் தவிர்க்கும்.

இச்சொற்களைத் தரவுத்தளத்திற்கு விளங்கும் வண்ணம் இணைப்பதற்கு மூன்று இணைப்புச் சொற்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞரின் தருக்க முறையை அடிப்படையாகக் கொண்டவை அவை. 'அண்ட்' என்பது இரு கருத்துகளும் சேர்ந்து வரும் பதிவுகளையே தரும். ஆகவே விடைகள் குறையும். 'ஆர்' என்பது இரண்டில் ஏதேனும் ஒன்று வந்தாலும் தரும்; ஆகவே விடைகள் பெருகும். 'நாட்' என்பது குறித்த சொல் வரும் பதிவுகளை நீக்கிவிடும். ஒரே நிரலில் உள்ள சொற்களை 'ஆர்' கொண்டும், நிரல்களை ஒன்றோடொன்று 'அண்ட்' கொண்டும் இணைக்க வேண்டும் என்பதே மாணவர் மனத்திற்கொள்ளவேண்டிய விதி. 'நாட்' என்பதை மிக அரிதாகவே கையாளுதல் நன்று. 'கத்தோலிக்க' என்னும் சொல்லை நீக்கும்படி கட்டளையிட்ட மாணவர், கத்தோலிக்க விளக்கத்தையும் சீர்திருத்த விளக்கத்தையும் ஒப்பிட்டெழுதிய சிறந்த கட்டுரையை இழந்துவிடுவார்.

இரு சொற்கள் தொடராக வரவேண்டுமாயின் அவற்றை மேற்கோட் குறிகளுக்குள் இடவேண்டும். ஒரு சொல்லின் பல வடிவங்களும் வேண்டுமாயின், பொதுவான பகுதியை எழுதி அதன் இறுதியில் உடுக்குறி இடவேண்டும். விடைகள் அளவுக்கு மிஞ்சி வந்தால் பொருள்தலைப்பை நாடுதல் சிறந்த வழியாகும். பொருத்தமான ஒரு கட்டுரையைக் கண்டபின், அதன் பதிவில் எந்தப் பொருள்தலைப்பு இடப்பட்டுள்ளது என்று பார்த்து, அத்தலைப்பைக் கொண்டே மீண்டும் தேடினால், நாம் எண்ணியிராத சொற்களில் எழுதப்பட்ட கட்டுரைகளும் கைக்கு வரும். நல்ல கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்புகளோ அதற்கு முந்திய அறிஞர்களிடம் நம்மை இட்டுச்செல்லும்.

மாணவர் வழுக்கி விழும் இடங்கள் சில உள. அவற்றுள் முதன்மையானது நூல் மதிப்புரையைக் கட்டுரையென்று மயங்குவது. இறையியல் தரவுத்தளங்களில் மதிப்புரைகள் பெருந்தொகையாக உள்ளன. தலைப்பு பொருத்தமாகத் தோன்றும்; திறந்து பார்த்தால் வேறொருவர் எழுதிய நூலைப்பற்றிய இரண்டு பக்கக் குறிப்பாக இருக்கும். பதிவில் பக்க எண்களைப் பார்க்கும் பழக்கம் இதைத் தவிர்க்கும். மற்றொன்று, முழுக் கட்டுரை உடனே கிடைப்பவற்றை மட்டும் காட்டும்படி தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுவது. அவ்வாறு செய்பவர் தமக்கு எளிதாகக் கிடைப்பதையே தம் துறையின் முழு அறிவென்று கொண்டுவிடுகிறார். தேவையான கட்டுரை தம் கல்லூரி அலமாரியிலேயே அச்சு இதழாக இருக்கலாம். அல்லது நூலகர் மற்றொரு கல்லூரியிலிருந்து அதைப் பெற்றுத்தரக்கூடும்.

4. ஆசிரியர் செய்யத்தக்கன

முதலாவதாக, பணியை வழங்குமுன் ஆசிரியர் தாமே அதைத் தேடிப்பார்த்தல் வேண்டும். தம் கல்லூரிக்கு எட்டும் தரவுத்தளங்களில் அப்பொருள்பற்றி இரண்டே கட்டுரைகள் இருக்குமாயின், நாற்பது மாணவர் அடங்கிய வகுப்பிற்கு அத்தலைப்பைக் கொடுப்பது முறையன்று. ஆசிரியர்க்கும் இதனால் பயனுண்டு. தம் பாடத்திற்குரிய வாசிப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பிற்கும் அண்மைப் பத்தாண்டுகளில் வந்த இரு கட்டுரைகளைத் தேட முற்படுவாராயின், ஒரு பிற்பகலில் தரவுத்தளத்தின் இயல்பு அவருக்குப் பிடிபடும். ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டங்களிலும் பொது விளக்கத்தைவிட இம்முறையே பலனளிக்கும். சொந்தப் பாடத்தை முன்வைத்துக் கற்றது நினைவில் நிற்கும்.

இரண்டாவதாக, நூலகரை உடன் ஆசிரியராகக் கொள்ளுதல் வேண்டும். சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பது அவற்றுள் ஒன்று. நூல்களைக் காவல் காப்பவராக நூலகரைக் கருதும் வழக்கத்தை மாற்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பிறந்த மண்ணிலுள்ள நம் கல்லூரிகளில், நூலகரைப் பாடத்திட்டக் கூட்டத்திற்கு அழைப்பதே அரிதாயிருப்பது வருந்தத்தக்கது. ஆய்வுப் பணியின் தாளை மாணவருக்குக் கொடுக்குமுன் நூலகருக்குக் காட்டினால், எந்தத் தரவுத்தளம் அதற்கு ஏற்றது, எந்தச் சொற்கள் பயன்படும், எங்கே இடர்ப்பாடு நேரும் என்பவற்றை அவர் முன்கூட்டியே எடுத்துரைப்பார்.

மூன்றாவதாக, காலம் அறிந்து கற்பித்தல் வேண்டும். கல்வியாண்டின் முதல் வாரத்தில் புதிய மாணவர் அனைவரையும் நூலகத்திற்கு அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் விளக்குவது பல கல்லூரிகளின் வழக்கம். அவ்விளக்கத்தில் பெரும்பகுதி மறந்துபோகும். ஏனெனில் அப்போது அவர்கள் கையில் தேடவேண்டிய பொருள் எதுவுமில்லை. ஆய்வுப் பணி வழங்கப்பட்ட வாரத்திலேயே, அப்பணியின் தலைப்பைக் கொண்டே பயிற்சி நடைபெறுமாயின் மாணவர் ஆவலோடு கற்பர். ஆசிரியரும் அவ்வேளையில் உடனிருப்பது இன்றியமையாதது. ஆசிரியர் நூலகரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு அகன்றால், இது பாடத்திற்கு வெளியேயுள்ள செய்தி என்று மாணவர் எண்ணிக்கொள்வர்.

நான்காவதாக, பணியைப் படிகளாகப் பிரித்தல் வேண்டும். பருவத்தின் இறுதியில் இருபது பக்கக் கட்டுரை ஒன்றை மட்டும் கேட்பதால், அது எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆசிரியர் அறிய இயலாது. முதல் வாரத்தில் ஆய்வு வினா, அடுத்து, எந்தத் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களைக் கொண்டு தேடினார், எத்தனை விடைகள் வந்தன, எதை மாற்றினார் என்பவற்றைக் குறிக்கும் ஒரு பக்கத் தேடற் குறிப்பு, அதன்பின், தெரிந்தெடுத்த ஐந்து கட்டுரைகளும் ஒவ்வொன்றும் வினாவிற்கு எவ்வாறு உதவுகிறது என்னும் இரண்டு வாக்கியங்களும், இறுதியில் கட்டுரை. ஒவ்வொரு படிக்கும் சிறிது மதிப்பெண் ஒதுக்கப்படுமாயின், பிறர் எழுதியதைப் பெயர்த்தெழுதும் சோதனையும் பெருமளவு குறையும். இறுதி நாளின் அச்சமே பலரை அவ்வழியில் தள்ளுகிறது.

ஐந்தாவதாக, மொழியின் இடர்ப்பாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். தமிழ்வழிக் கல்வி கற்று வந்த மாணவர், ஆங்கிலத்தில் தேடவேண்டியவுடன் பின்வாங்குகின்றனர். இவர்கள் அறிவில் குறைந்தவர் அல்லர்; துறைச் சொற்களுக்கு ஆங்கில வழக்கு என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாதது. ஒவ்வொரு பாடத்திற்கும் முப்பது அல்லது நாற்பது சொற்கள் கொண்ட இருமொழிப் பட்டியல் ஒன்றை ஆசிரியர் தொகுத்து வழங்கினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

5. கண்டதை மதிப்பிடுதல்

தரவுத்தளத்தில் இருப்பதனாலேயே ஒரு கட்டுரையின் கருத்து சரியாகிவிடாது. இதழாசிரியரும் துறைவல்லுநரும் ஆராய்ந்து ஏற்றனர் என்பது ஒரு வாயிற்காவலேயன்றி முடிந்த தீர்ப்பன்று. எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எந்தத் திருச்சபை மரபிலிருந்து எழுதுகிறார், அவருக்கு மறுப்புரைத்தோர் உளரா என்னும் வினாக்களை மாணவர் கேட்கப் பழகவேண்டும். பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே நாள்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுவதை வகுப்பில் எடுத்துக்காட்டுவது பொருந்தும்.

2022 நவம்பருக்குப்பின் இவ்வினா புதிய கூர்மை பெற்றுள்ளது. கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அப்போது முதல் எல்லோர் கைக்கும் எட்டியுள்ளன. அவை அடிக்குறிப்புகளையும் எழுதித் தருகின்றன. உண்மையான அறிஞரின் பெயர், உண்மையான இதழின் பெயர், நம்பத்தக்க ஆண்டு, பக்க எண் ஆகிய யாவும் இருக்கும். ஆனால் அப்படியொரு கட்டுரை ஒருபோதும் எழுதப்பட்டிருக்காது. 2023இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமொன்றில், இத்தகைய கருவி புனைந்த தீர்ப்புகளை உண்மையென மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டத்துறையில் நேர்ந்தது இறையியலில் நேராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இக்கருவிகளை முற்றிலும் விலக்குவது இயலாததாயிருக்கலாம். தேடலுக்கான மாற்றுச் சொற்களை எண்ணிப்பார்ப்பதற்கு அவை உதவவுங்கூடும். ஆயினும், தரவுத்தளத்திலோ அலமாரியிலோ தாம் கண்ணாற்கண்டு வாசித்ததையன்றி வேறெதையும் மேற்கோள் காட்டலாகாது என்னும் விதியை ஆசிரியர் தளராமல் காத்தல் வேண்டும். ஐயம் எழும் அடிக்குறிப்பைத் தரவுத்தளத்தில் சரிபார்ப்பதற்கு இரண்டு மணித்துளிகளே ஆகும். சான்று இல்லாததைச் சான்றென்று எழுதப் பழகியவர், நாளை பிரசங்க பீடத்திலும் அவ்வாறே பேசுவார். சபையார் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. ஆயரின் சொல்லை நம்பியே வீடு திரும்புவர். அவர்களுடைய அந்நம்பிக்கையே இங்கு காக்கப்படவேண்டியது.

6. தமிழ் ஆய்வாளரின் தனிச் சிக்கல்

பன்னாட்டுத் தரவுத்தளங்களைத் தேடும் தமிழ் மாணவர் விரைவில் ஓர் உண்மையை எதிர்கொள்வார். தம் சொந்தத் திருச்சபையைப்பற்றி அவற்றில் மிகக் குறைவாகவே உள்ளது. இந்தியாவில் ஆங்கிலத்தில் வெளியாகும் இறையியல் இதழ்கள் சில இடம்பெற்றுள்ளன. தமிழில் வெளிவரும் திருச்சபை இதழ்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆகவே 'பதிவு எதுவுமில்லை' என்னும் விடையை, 'ஒருவரும் எழுதவில்லை' என்று மாணவர் பொருள்கொள்ளாதபடி ஆசிரியர் காக்கவேண்டும்.

இருப்பனவற்றைக் கண்டுபிடிப்பதிலும் எழுத்துக்கூட்டல் தடையாகிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் காவியத்தை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று எழுதுவோர் உளர். 'ரட்சணிய', 'இரக்ஷணிய' என்று எழுதுவோரும் உளர். ஆங்கில எழுத்தில் பெயர்க்கும்போது இவ்வேறுபாடுகள் இன்னும் பெருகுகின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெயரும், தரங்கம்பாடியின் பெயரும் அவ்வாறே பலவாறு எழுதப்படுகின்றன. ஒவ்வொரு வடிவத்தையும் 'ஆர்' கொண்டு இணைத்துத் தேடாதவர் பாதியை இழப்பார்.

தமிழிலேயே தேடும்போதும் இக்கவனம் வேண்டும். ஞானஸ்நானம் என்று ஒரு மரபினர் எழுதுவதைத் திருமுழுக்கு என்று மற்றொரு மரபினர் எழுதுவர். இரட்சிப்பு, மீட்பு, பரிசுத்த ஆவி, தூய ஆவி, வேதாகமம், திருமறை, விவிலியம் ஆகியவையும் அத்தகையனவே. நம் மொழியில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறு திரிவதால், உடுக்குறியை எங்கே இடுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. 'மீட்பு' என்று முழுமையாக எழுதிக் குறியிட்டால் 'மீட்பின்', 'மீட்பர்' ஆகியவை அகப்படா. 'மீட்ப' என்பதோடு நிறுத்திக் குறியிட்டால் மூன்றும் அகப்படும். பழைய நூல்கள் பல படங்களாகவே பதிவேற்றப்பட்டுள்ளமையால், அவற்றின் உட்சொற்களைத் தேட இயலாதென்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

எனினும் தேடத்தக்க களஞ்சியங்கள் இல்லாமலில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சு நூல்களின் பெருந்தொகுப்பைக் காத்துவருகிறது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள்முதல் எழுந்த அருட்பணிக் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் உள்ளன. அச்சில் வெளிவந்த ஹாலே அறிக்கைகளை இணையத்திலேயே வாசிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்ற முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்னும் தளத்தில் காணலாம். 1952இல் தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் தியாலஜி இதழின் பழைய தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. கிறித்தவத் தமிழைப்பற்றிய பணியை வழங்கும் ஆசிரியர், பன்னாட்டுத் தரவுத்தளம் ஒன்றையும் இத்தகைய களஞ்சியம் ஒன்றையும் சேர்த்தே தேடும்படி கேட்பது நன்று.

இதில் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. பேராய இதழ்கள், சபை நூற்றாண்டு மலர்கள், பழைய ஆயர்களின் நாட்குறிப்புகள் ஆகியவை அலமாரி மூலைகளில் கரையானுக்கு இரையாகின்றன. அவற்றைக் காத்துப் பட்டியலிட்டு நூலகங்களில் சேர்ப்பது ஆயர்களின் பணியாகும். நம் இதழ்களை நடத்துவோரும் ஒவ்வொரு கட்டுரையோடும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றையும் பொருட்சொற்கள் சிலவற்றையும் வெளியிட்டால், பிற நாட்டார் அவற்றைக் கண்டடைய வழியுண்டாகும். இல்லையேல், தமிழ்த் திருச்சபையின் சிந்தனையைப்பற்றி அடுத்த தலைமுறையின் மாணவரே பிறர் எழுதியதை மட்டும் கொண்டு அறிந்துகொள்ளும் நிலை வரும்.

7. சந்தாவும் சிறு கல்லூரிகளும்

பெரிய தரவுத்தளங்களின் சந்தா, சிறு கல்லூரிகளின் நூலகச் செலவுத் திட்டத்தையே விழுங்கிவிடக்கூடியது. இந்திய அரசின் அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ரூ.6,000 கோடி செலவில், 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்களை 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு வழங்க வகைசெய்கிறது. ஆயினும் அது முதற்கட்டத்தில் அரசுசார் நிறுவனங்களுக்கே உரியதாகலின், திருச்சபைகள் நடத்தும் இறையியற் கல்லூரிகள் அதனால் நேரடிப் பயன் பெறுவதற்கில்லை.

இந்நிலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அண்டைக் கல்லூரிகள் தம்முள் இசைந்து, எந்த நூலகம் எதற்குச் சந்தா செலுத்துவது என்று பகிர்ந்துகொண்டு, உரிம விதிகள் இடந்தரும் அளவிற்கு ஒன்றுக்கொன்று உதவுவது. மற்றொன்று, கட்டணமற்ற வாயில்களை முறையாகக் கற்பிப்பது. முன்னர்க் கூறிய இன்டெக்ஸ் தியாலஜிகுஸ் தவிர, 2003இல் சுவீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தில் 300 இதழ்களோடு தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் பட்டியல் இன்று 20,000த்தைக் கடந்துள்ளது. சமயத்துறை இதழ்களும் அதில் உள்ளன. ஜேஸ்டோரிலும் தனி நபர் பதிவுசெய்துகொண்டு, குறித்த அளவு கட்டுரைகளைக் கட்டணமின்றி வாசிக்க இடமுண்டு. கிராமச் சபைகளில் பணிபுரியும் ஆயர்களுக்கு இவ்வாயில்களே துணை. ஆகையால் கல்லூரியின் கடவுச்சொல்லோடு முடிந்துவிடும் தேடலை மட்டும் கற்பிக்காமல், பட்டம் பெற்றுச் சென்றபின்னும் கையாளத்தக்கவற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவை யாவும் ஒரே பருவத்தில் நிறைவேறும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் வரும் பருவத்தில் ஒரு பாடத்தை, அதிலும் ஒரே ஆய்வுப் பணியைத் தெரிந்தெடுத்து, நூலகரோடு அமர்ந்து அதைப் படிகளாக வகுத்து, ஒரு வகுப்பு நேரத்தை நூலகத்தில் நடத்துவாராயின் அதுவே நல்ல தொடக்கமாகும். பருவ முடிவில் மாணவரின் தேடற் குறிப்புகளை வாசித்துப் பார்த்தால், எங்கே அவர்கள் இடறினர் என்பது தெரியும். அடுத்த ஆண்டின் பயிற்சியை அதற்கேற்பத் திருத்தலாம்.

லூக்கா தம் நற்செய்தியின் முகவுரையில், தமக்குமுன் எழுதியோரையும் கண்கூடாகக் கண்டோரையும் குறிப்பிட்டு, யாவற்றையும் ஆதிமுதல் ஆராய்ந்தே எழுதத் துணிந்ததாகக் கூறுகிறார். தெயோப்பிலு தாம் கேட்டறிந்தவை உறுதியானவை என்று அறியவேண்டும் என்பதே அவர் நோக்கம். நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தெயோப்பிலு சபையில் காத்திருக்கிறார். அவரை மனத்திற்கொண்டு தேடக் கற்பிப்பது இறையியல் ஆசிரியராகிய நமது பணியின் ஒரு கூறேயாகும்.